மண்ணுக்கடியில வளம் இருக்கிறவன் சொல்றதுதான் விலையா? – நிக்கல், காஸ், நம்ம ஜூரோங் தீவு

தீவுக்காரன்:

நிக்கல் தடைய பத்தி போன தடவ பேச்சு வந்தப்ப பாதி பேரு "அவங்க மண்ணு அவங்க இஷ்டம், இந்தோனேசியா செஞ்சது ரொம்ப சரி"ன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல, அதான் தனியா ஆரம்பிக்கிறேன். விஷயம் தெரியாதவங்களுக்கு: 2020 ஜனவரி 1லேர்ந்து நிக்கல் தாதுவ அப்படியே கப்பல்ல ஏத்தி வெளிய விடுறதில்ல, வேணும்னா இங்க வந்து உருக்காலை கட்டி உருக்கி எடுத்துட்டு போன்னு சொல்லிட்டாங்க. இப்ப உலகம் பூரா தோண்டுற நிக்கல்ல பாதிக்கு மேல அவங்க கையில.

நான் சிங்கப்பூர்ல பெட்ரோகெமிக்கல் ஆலைங்க இருக்கிற ஜூரோங் தீவுல கிராக்கர்ல வேலை பாக்குறவன், அதனால இது எனக்கு பேப்பர் நியூஸ் இல்ல. நாங்க நாப்தாவ (கச்சா எண்ணெய்லேர்ந்து பிரிக்கிற திரவம்) ஃபர்னஸ்ல 800 டிகிரிக்கு மேல சூடாக்கி ஒடைச்சு எத்திலீன் எடுக்குறோம், பிளாஸ்டிக்குக்கு அதான் மூலம். 100 கிலோ நாப்தாவுக்கு எத்திலீன் சுமாரா 30 கிலோதான் வரும், மிச்சம் புரோப்பிலீன், பியூட்டடையீன்னு வேற சரக்கா போகும். ட்யூப் உள்ளாற கரி படிஞ்சுகிட்டே இருக்கும், அப்பப்ப அந்த ஃபர்னஸ லைன்லேர்ந்து எடுத்து நீராவியும் காத்தும் விட்டு கரிய எரிச்சு எடுக்கணும், அதுவரைக்கும் அதுல உற்பத்தி கிடையாது. சவூதியில நாப்தாவுக்கு பதிலா ஈத்தேன் காஸ் போடுறாங்க, 100க்கு 80 கிட்ட எத்திலீன் வருது. அந்த ஈத்தேன அவங்க அரசாங்கம் ரொம்ப வருஷம் பத்து லட்சம் பிடியு (வெப்பத்த அளக்குற அலகு) வெறும் 75 அமெரிக்க சென்ட்டுக்கு கொடுத்துச்சு, 2015 கடைசியிலதான் 1.75 டாலர் ஆக்குனாங்க. 2014ல ஆசியாவுல எல்என்ஜி (திரவமாக்குன இயற்கை காஸ்) அதே அளவுக்கு 15 டாலர தாண்டி வித்த நேரத்துலயும் அங்க அதே முக்கால் டாலர்தான். எங்க பிளான்ட்ல எவ்வளவு திறமையா ஓட்டினாலும், மின்சாரத்த மிச்சம் பிடிச்சாலும், அந்த வித்தியாசத்த எதக் கொண்டு அடைக்கிறது? இதுக்கு போட்டின்னு பேரு வைக்காதீங்க.

கப்பல்_தரகர்:

அண்ணே, உங்க வேலை மேல எனக்கு மரியாதை இருக்கு ஆனா குற்றவாளிய தப்பா புடிக்கிறீங்க. கடந்த அஞ்சாறு வருஷத்துல ஆசியாவுல எத்திலீன் மார்ஜின் அடிபட்டதுக்கு பெரிய காரணம் சீனா. வரிசையா புது கிராக்கர் கட்டிகிட்டே போறாங்க, அந்த சீனா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெய்ல 70 சதவீதத்துக்கு மேல இறக்குமதி பண்ற நாடு. வளமே இல்லாதவன் வந்து உங்கள அடிக்கிறான், நீங்க வளம் இருக்கிறவன திட்டுறீங்க.

நம்ம சிங்கப்பூர் கதையே என்ன? ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, 1961ல புக்கோம் தீவுல முதல் சுத்திகரிப்பு ஆலை, இன்னிக்கு உலகத்துலயே அதிகமா கப்பலுக்கு எரிபொருள் ஊத்துற துறைமுகம் நம்மளோடது. வளம் இருக்கிறவன் மலிவா வித்தா வாங்கி லாபம் பாருங்க, அவன் தன் வருமானத்த தானே விட்டுக்கொடுக்குறான். 75 சென்ட்டுக்கு ஈத்தேன் கொடுத்த அரசாங்கம் மீதி காச இழந்துச்சுன்னுதான் நான் பாக்குறேன்.

கிந்தா_அக்கா:

தம்பி தீவுக்காரா, நான் மலேசியாவுல பேராக்ல பொறந்தவ, கல்யாணம் ஆகி இங்க வந்து செட்டில் ஆனவ, எங்க ஊரைச் சுத்தி எங்க பாத்தாலும் ஈயம் (டின்) தோண்டுன குட்டைதான். அந்த ஈயம் எங்க போச்சு தெரியுமா? உருக்குறதுக்கு இங்கதான் வந்துச்சு, பிரானி தீவுக்கு, 1890லேர்ந்து. இப்ப நான் சொல்றத கவனமா படிங்க. 1903ல அமெரிக்காக்காரன் நியூஜெர்சியில சொந்தமா ஒரு உருக்காலை போட்டு மலாயா தாதுவ நேரா அங்க கொண்டுபோகப் பாத்தான். வெள்ளைக்காரன் என்ன பண்ணான்? தாதுவுக்கு பெரிய ஏற்றுமதி வரி போட்டான், நீரிணைக் குடியேற்றத்துலயே, அதாவது சிங்கப்பூர்லயோ பினாங்குலயோ உருக்கினா வரி இல்ல. அமெரிக்கா திட்டம் அங்கயே படுத்துருச்சு.

இந்தோனேசியா 2020ல செஞ்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சிங்கப்பூர் உருக்காலை பொழைச்சது அந்த மாதிரி ஒரு சட்டத்தாலதான். நமக்கு லாபம் வந்தப்ப அதுக்கு பேரு நிர்வாகம், அடுத்தவன் செஞ்சா அநியாயமா? நூறு வருஷம் பச்சையா அள்ளிக் கொடுத்த மண்ணுக்காரன் இப்ப கொஞ்சம் நில்லு, இங்கயே செய்யுன்னா எனக்கு அதுல ஒரு தப்பும் தெரியல.

தீவுக்காரன்:

அக்கா, 1903 விஷயம் நல்ல விஷயம், ஆனா அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லுது. அந்த சட்டத்தால உங்க பேராக் கிந்தாவுல மண்ணு வெட்டுனவனுக்கு என்ன கிடைச்சுது? வாங்குற ஆளுங்க குறைஞ்சாங்க, விலைய ரெண்டு மூணு உருக்காலைக்காரங்க வச்சாங்க. தாது விக்கிறவனுக்கு பத்து பேரு போட்டி போட்டு வாங்குனாதான் நல்ல விலை, கதவ அடைச்சுட்டா உள்ள இருக்கிற உருக்காலை சொல்றதுதான் விலை. இந்தோனேசியாவுலயும் அதேதான், தடை வந்ததும் சின்ன சுரங்கக்காரங்க உள்ளூர் உருக்காலைக்கு மலிவா விக்க வேண்டியதா போச்சு, அரசாங்கமே அடிமட்ட விலைன்னு ஒன்னு நிர்ணயம் பண்ண வேண்டி வந்துச்சு.

தேக்கா_கடை:

தம்பி சொல்றது சரி, நான் கண்ணால பாத்தது செம்பனை எண்ணெய்ல, அதான் பாமாயில். 2022 ஏப்ரல் 28ம் தேதி இந்தோனேசியா ஏற்றுமதிய நிறுத்துனாங்க, உள்ளூர்ல சமையல் எண்ணெய் விலை ஏறிப்போச்சுன்னு. இங்க நம்ம கடையில சப்ளையர் போன் எடுக்கல, எடுத்தா நேத்து சொன்ன விலை இன்னிக்கு இல்லன்னாரு, பரோட்டா கடை வச்சிருக்கிறவங்க 17 கிலோ டின்ன தூக்கிப் பாத்துட்டு கீழ வச்சுட்டு போனாங்க. ஆனா அடி யாருக்கு அதிகம்? அங்க ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வச்சிருக்கிற விவசாயிக்கு. செம்பனைக் குலைய வெட்டுனா ஒன்னு ரெண்டு நாளைக்குள்ள ஆலைக்கு போயாகணும், இல்லாட்டி எண்ணெய் கெட்டுரும். ஆலையில டேங்க் ரொம்பிருச்சு, குலை வாங்க மாட்டேன்னுட்டான், விலை சரிஞ்சுபோச்சு, விவசாயிங்க ஜகார்த்தா வரைக்கும் வந்து போராட்டம் பண்ணாங்க. மே 23ல தடைய எடுத்தாங்க. ஒரு மாசம்கூட தாக்குப்பிடிக்கல.

அதேமாதிரி 2007ல மணல் நிறுத்துனாங்களே, நம்ம கட்டுமான சைட்டெல்லாம் திண்டாடுச்சு, அரசாங்கம் கையிருப்பு மணல வெளிய விட்டுச்சு, அப்புறம் வேற வேற நாட்டுலேர்ந்து வாங்க ஆரம்பிச்சாங்க. இந்தோனேசியா 2023லதான் கடல் மணலுக்கு மட்டும் திரும்ப அனுமதி கொடுத்தாங்க. அதுக்குள்ள நம்ம ஆளுங்க மணல் வாங்குற வழியெல்லாம் மாத்தியாச்சு.

ரெண்டாம்வருஷ_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நீங்க எல்லாரும் வளம் இருக்கிறவனால வெளிய இருக்கிறவனுக்கு என்ன ஆகுதுன்னு பேசுறீங்க, அவன் வீட்டுக்குள்ளயே மத்த தொழிலுக்கு என்ன ஆகுதுங்கிறத யாரும் தொடல. நெதர்லாந்துல 1959ல குரோனிங்கன் காஸ் கண்டுபிடிச்சாங்க, காஸ் வித்த காசு உள்ள வர வர அவங்க நாணயம் கில்டரோட மதிப்பு ஏறுச்சு, அவங்க ஃபேக்டரி சரக்கு வெளிநாட்டுக்காரனுக்கு விலை ஜாஸ்தியா தெரிஞ்சுது, வேலை போச்சு. 1977ல எக்கானமிஸ்ட் பத்திரிகை இதுக்கு டச்சு நோய்னு பேரு வச்சுது. நைஜீரியாவுல கானோ ஊர்ல நிலக்கடலை மூட்டைய பிரமிடு பிரமிடா அடுக்கி வச்சிருப்பாங்களாம், 1956ல எண்ணெய் கிடைச்சு எழுபதுகள்ல பணம் கொட்ட ஆரம்பிச்சதும் அந்த பிரமிடெல்லாம் காணாம போச்சு. அப்புறம் கச்சா எண்ணெய வித்துட்டு பெட்ரோல இறக்குமதி பண்ற நிலைமை.

நான் இதுல ரொம்ப யோசிச்சது புருணை. 1967லேர்ந்து புருணை டாலரும் நம்ம சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்னுக்கு ஒன்னு, நம்ம கடையில புருணை நோட்டு கொடுத்தா வாங்கிக்குவாங்க. அப்ப அவங்க நாணயம் எண்ணெயால தனியா ஏற முடியாது, டச்சு நோய் வரக்கூடாது இல்லையா? ஆனாலும் ஏற்றுமதியில பெரும்பங்கு எண்ணெயும் காஸும் அதுலேர்ந்து வர்ற பொருளும்தான். அப்ப நோய் நாணயம் வழியா மட்டும் வரல, அரசாங்க வேலை வழியா வருது. வருமான வரி இல்லாத ஊர்ல நல்ல சம்பளத்துக்கு அரசாங்கமே ஆள் எடுக்கும்போது எந்த பையன் சொந்தமா ஒரு வொர்க்ஷாப் போடுவான்?

கிந்தா_அக்கா:

தங்கச்சி, நார்வேய விட்டுட்டியே. 1969ல எண்ணெய் கண்டுபிடிச்சாங்க, 1990ல சட்டம் போட்டு நிதி ஒன்னு ஆரம்பிச்சு 1996லேர்ந்து பணம் போடுறாங்க, அத நாட்டுக்கு வெளியதான் முதலீடு பண்ணணும், வருஷத்துக்கு சுமாரா 3 சதவீதம்தான் உள்ள எடுக்கலாம். வளத்தால கெட்டுப்போகணும்னு தலையெழுத்து ஒன்னும் இல்ல.

ரெண்டாம்வருஷ_மாணவி:

இல்லக்கா, நார்வே எண்ணெய் கிடைக்கிறதுக்கு முன்னாடியே கப்பல், மீன், நீர்மின்சாரம்னு நல்லா இருந்த நாடு, கணக்கு கேக்குற பத்திரிகையும் நாடாளுமன்றமும் ஏற்கனவே இருந்துச்சு. நௌருவ பாருங்க, பாஸ்பேட் வித்து எழுபதுகள்ல ஆளுக்கு வருமானம் கணக்கு போட்டா உலகத்துலயே உச்சத்துல இருந்த நாடு, நிதியும் வச்சிருந்தாங்க, அந்த நிதிய வச்சு ஊர் ஊரா கட்டடம் வாங்கி கடைசியில கடன்ல மூழ்குனாங்க. நிதி வச்சா மட்டும் போதாது.

கப்பல்_தரகர்:

மாணவி சொல்றது சரிதான், ஆனா கேள்வி போட்டிய பத்தினது. வளம் இருக்கிறவன் கழுத்த நெரிச்சா என்ன ஆகும்னு நம்ம பாட்டன் காலத்துலயே ஒரு பரிசோதனை நடந்திருக்கு. 1922ல ரப்பர் விலை படுத்துருச்சுன்னு பிரிட்டிஷ்காரன் ஸ்டீவன்சன் திட்டம்னு ஒன்னு கொண்டு வந்து மலாயாவுலயும் சிலோன்லயும் ஏற்றுமதிய குறைச்சான். அப்ப உலக ரப்பர்ல மூணுல ரெண்டு பங்கு அவங்களோடது. 1925ல விலை எகிறுச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனா டச்சுக்காரன் அந்த திட்டத்துல சேரல, சுமத்ரா, போர்னியோ பக்கம் சின்ன விவசாயிங்க கண்ட இடத்துல எல்லாம் ரப்பர் நட்டாங்க, ஃபோர்டு பிரேசில் காட்டுல போயி தோட்டம் போட்டாரு, அமெரிக்காவுல பழைய டயர்லேர்ந்து ரப்பர மீட்டு திரும்ப பயன்படுத்துனாங்க. 1928ல திட்டத்த தூக்கிப் போடும்போது பிரிட்டிஷ் பங்கு பாதி கிட்ட வந்துருச்சு. விலைய ஏத்துனா போட்டியாளன நீங்களே வளத்து விடுறீங்க, இது எந்த வளத்துக்கும் பொருந்தும். அதனாலதான் சொல்றேன் பதறாதீங்க, சந்தை பாத்துக்கும்.

கிந்தா_அக்கா:

பால்மரம் வெட்டுன குடும்பத்துக்காரிகிட்ட ஸ்டீவன்சன் கதைய சொல்றீங்க தம்பி. விலை ஏறுன வருஷத்துல தோட்டத்துல கூலி எவ்வளவு ஏறுச்சுன்னும் சேத்து எழுதுங்க, லண்டன்ல பங்குக்காரனுக்கு டிவிடெண்ட் வந்துச்சு. கூலிக்காரங்க குடியிருந்த லயத்துல எதுவும் மாறல.

சந்தை பாத்துக்கும்னு சொல்றீங்களே, ரேர் எர்த்ல (காந்தம் செய்யத் தேவைப்படுற அரிய உலோகங்கள்) என்ன பாத்துக்கிச்சு? 2010ல சீனா ஏற்றுமதி கோட்டாவ வெட்டுனதும் விலை பறந்துச்சு, ஜப்பான்காரன் பணம் போட்டு ஆஸ்திரேலியா கம்பெனிய தூக்கிவிட்டான், அவங்க ஆலை குவாந்தான் பக்கம் கெபெங்ல 2012லேர்ந்து ஓடுது. அமெரிக்காவுல கலிபோர்னியா சுரங்கத்தயும் திரும்ப திறந்தாங்க. 2014ல உலக வர்த்தக அமைப்பு சீனாவுக்கு எதிரா தீர்ப்பு கொடுத்துச்சு, 2015ல கோட்டா போச்சு. விலையும் போச்சு. அந்த கலிபோர்னியா கம்பெனி 2015லயே திவால். அதாவது விலைய ஏத்தத் தெரிஞ்சவனுக்கு இறக்கவும் தெரியும், புதுசா வந்தவன் கடன் கட்ட முடியாம சாகுறான், பழையவன் நிக்கிறான். 2025 ஏப்ரல்ல திரும்ப ஏழு உலோகத்துக்கு கட்டுப்பாடு போட்டதும் உலகம் பூரா கார் கம்பெனிங்க காந்தம் இல்லாம தவிச்சாங்களே, பதினஞ்சு வருஷம் அவகாசம் இருந்துச்சே உங்க சந்தைக்கு?

தீவுக்காரன்:

இதத்தான் அக்கா நானும் சொல்றேன்! நிக்கல்லயும் இதேதான். 2023 ஆரம்பத்துல டன் சுமாரா 30,000 டாலர், ஒரு வருஷத்துல 16,000 பக்கம் வந்துருச்சு, இந்தோனேசியா உருக்காலையெல்லாம் கொட்டுன சரக்கு. 2024ல பிஎச்பி சுரங்க கம்பெனி மேற்கு ஆஸ்திரேலியா நிக்கல் வேலைய நிறுத்தி வச்சாங்க, நியூ கலிடோனியாவுல கொனியாம்போ ஆலை உலைய அணைச்சுட்டாங்க. வளம் இருக்கிறவன் ரெண்டு பக்கமும் ஆட முடியுது, உள்ள மலிவு விலை, வெளிய வேற விலை. அதுல நான் கேக்குறது ஒன்னே ஒன்னு, உள்ள ஒரு விலை வெளிய ஒரு விலைன்னு விக்கிறத மானியம்னு ஒத்துக்கிட்டு வர்த்தக விதியில கொண்டு வரணும். இப்ப இருக்கிற விதிப்படி அளவு கட்டுப்பாடு போடக்கூடாதுன்னு காட் (உலக வர்த்தக பொது ஒப்பந்தம்) 11ம் பிரிவு சொல்லுது, ஆனா ஏற்றுமதி வரிய அநேகமா தொடுறதே இல்ல. உலக வர்த்தக அமைப்புல ஐரோப்பா போட்ட நிக்கல் வழக்குல 2022 நவம்பர்ல தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிரா வந்துச்சு, அவங்க மேல்முறையீடு பண்ணாங்க, மேல்முறையீட்டு அமைப்புக்கோ 2019 டிசம்பர்லேர்ந்து வழக்கு கேக்க போதுமான ஆள் இல்ல. வழக்கு அந்தரத்துல தொங்குது. பெரிய நாட்டுக்கு பரவால்ல, மிரட்டியாச்சும் வாங்கிக்குவான். நம்மள மாதிரி சின்ன நாட்டுக்கு விதி ஒன்னுதான் கையில இருக்கிற ஆயுதம், அதனாலதான் சிங்கப்பூர் 2020லயே, அந்த அமைப்புக்கு பதிலா சில நாடுங்க சேந்து வச்ச தற்காலிக மேல்முறையீட்டு ஏற்பாட்டுல சேந்துச்சு. இந்தோனேசியா அதுல இல்ல.

கிந்தா_அக்கா:

சரி தம்பி, உள்ள மலிவா கொடுத்தா மானியம். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆத்துலேர்ந்து ஒரு நாளைக்கு 25 கோடி காலன் வரைக்கும் எடுக்கலாம், 1000 காலனுக்கு 3 சென், 2061 வரைக்கும். உங்க ஃபர்னஸுக்கு நீராவி எந்த தண்ணியில வருதுன்னு யோசிச்சீங்களா? வளத்த உண்மையான விலைக்கு கீழ வாங்குறது தப்புன்னா அங்கேர்ந்து ஆரம்பிக்கணும்.

கப்பல்_தரகர்:

அக்கா இதுல நான் சும்மா இருக்க மாட்டேன். அது ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ஒப்பந்தம், மலேசியாவுலேர்ந்து நாம பிரிஞ்சப்பவும் உறுதி பண்ணது, விலைய திருத்த 25 வருஷம் கழிச்சு வாய்ப்பு இருந்துச்சு மலேசியா எடுத்துக்கல. ஜொகூர்ல லிங்கியு அணை கட்டுற செலவ சிங்கப்பூர்தான் ஏத்துக்கிச்சு. சுத்தம் பண்ண தண்ணிய ஜொகூருக்கு 1000 காலன் 50 சென்னுக்கு திருப்பிக் கொடுக்குறோம், சுத்தம் பண்ற செலவே அதவிட ஜாஸ்தி. ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா கதவ சாத்துறதும், அறுபது வருஷமா மாறாம நடக்குற ஒப்பந்தமும் எப்படி ஒன்னாகும்? இன்னொன்னு, நாம அதையே நம்பி உக்காரல, கழிவுநீர சுத்தம் பண்ணி எடுக்குற நியூவாட்டர் இருக்கு, கடல்நீர் ஆலை இருக்கு. ஜூரோங் தீவு ஆலைங்களுக்கு போற தண்ணியில நியூவாட்டர் நிறைய, அண்ணனுக்கே தெரியும்.

இடம்தான் நம்ம வளம்னு அடுத்து சொல்லுவீங்க, அதுக்கும் பதில் இருக்கு. அதே நீரிணை ஜொகூருக்கும் இருக்கு. 2000ல மெர்ஸ்க் கப்பல் கம்பெனி, 2002ல எவர்கிரீன், ரெண்டும் நம்மள விட்டுட்டு ஜொகூர்ல இருக்கிற தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கு போனாங்க. இடம் மட்டும் வளமா இருந்தா அவங்க போயிருக்கவே முடியாது.

தேக்கா_கடை:

ரெண்டு பேரும் நிதானமா பேசுங்க, தண்ணி விஷயம் எடுத்தா இந்த பேச்சு நிக்காது. எனக்கு ஒரு சந்தேகம். அந்த உருக்காலையெல்லாம் வந்ததால அங்க ஊர் மக்களுக்கு நிஜமாவே நல்லது நடந்துச்சா இல்லையா? அத சொல்லாம யார் பக்கம் சரின்னு எப்படி முடிவு பண்றது.

ரெண்டாம்வருஷ_மாணவி:

நடந்துச்சு, முழுசா நடக்கலங்கிறதுதான் ஐயா என் பதில். நிக்கல் சம்பந்தப்பட்ட ஏற்றுமதி வருமானம் பல மடங்கு ஆச்சு, உருக்காலைங்க இருக்கிற மொரொவாலியில ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை. ஆனா உருக்காலைய கட்டுனது பெரும்பாலும் சீனா கம்பெனிங்க, வரிவிலக்கு வருஷக்கணக்கா கொடுத்திருக்காங்க, மின்சாரம் நிலக்கரிய எரிச்சு, அங்க ஒரு உருக்காலையில 2023 டிசம்பர்ல வெடிவிபத்துல 21 தொழிலாளிங்க செத்துப்போனாங்க. லாபத்துல பெரிய பங்கு எந்த ஊருக்கு போகுதுங்கிறதுதான் கேள்வி.

எனக்கு புடிச்சது போட்ஸ்வானா பண்ண வழி. 1966ல சுதந்திரம், 1967ல வைரம். கதவ சாத்தல, தோண்டுற கம்பெனியில அரசாங்கம் பாதி பங்கு வாங்கிக்கிச்சு, ஒவ்வொரு தடவ லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா கேட்டு வாங்குனாங்க, 2013ல வைர விற்பனையே லண்டன்லேர்ந்து கபரோனுக்கு வந்துச்சு. ஆனா பட்டை தீட்டுறதுல சூரத்த ஜெயிக்க முடியல, அங்க இருக்கிற கைத்திறமைய ஒரு சட்டத்தால கொண்டு வர முடியாது. இப்ப லேப்ல செய்யுற வைரம் வந்து விலையே சரியுது. இந்தோனேசியா ஒரேயடியா தடை போடுறதுக்கு பதிலா எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏற்றுமதி வரி போட்டு, அந்த வரிக் காசுல ஒரு பங்க சுரங்கம் இருக்கிற மாவட்டத்துக்கே கொடுத்திருந்தா அண்ணனுக்கு கோவம் குறைஞ்சிருக்கும், அக்கா கேக்குற நியாயமும் கொஞ்சம் கிடைச்சிருக்கும்.

கிந்தா_அக்கா:

வரி மட்டும் போட்டா எவன்மா உருக்காலை கட்ட வருவான்? வரிய கட்டிட்டு தாதுவ அள்ளிட்டு போயிட்டே இருப்பான். 2014லயே தடை போட்டாங்க, 2017ல தளர்த்துனாங்க, தளர்த்துனதும் தாது திரும்ப கப்பல் ஏறிருச்சு. 2020ல இறுக்கி புடிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாம் வேகமா நடந்துச்சு. மாவட்டத்துக்கு பங்குன்னு சொன்ன பாரு, அத மட்டும் நான் ரெண்டு கையாலயும் ஏத்துக்கிறேன், எங்க ஈயக்குட்டைக்கு அந்த மாதிரி ஒரு பங்கு கிடைச்சிருந்தா எங்க ஊர் பையனுங்க எல்லாம் காலையில நாலு மணிக்கு ஜொகூர்-சிங்கப்பூர் காஸ்வேல வரிசையில நிக்க மாட்டானுங்க.

தீவுக்காரன்:

தங்கச்சி சொல்ற ஏற்றுமதி வரிய நான் ஏத்துக்குவேன், ஆனா அதுக்கும் ஒரு உச்சவரம்பு வேணும். இறக்குமதி வரிக்கு ஒவ்வொரு நாடும் இதுக்கு மேல போக மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்கல்ல, ஏற்றுமதி வரிக்கு பெரும்பாலான நாடு அப்படி எதுவும் கொடுக்கல. வரம்பு இல்லாத வரி தடைதான், 1903ல நியூஜெர்சிக்காரனுக்கு நடந்தது அதானே அக்கா.

நைட் ஷிப்ட், கிளம்பணும். கப்பல் தம்பி நீங்க ஒன்னுக்கு பதில் எழுதி வைங்க, காலையில வந்து படிக்கிறேன். சீனாதான் காரணம்னீங்க, சரி. அங்க புதுசா கட்டுற கிராக்கர்ல சிலது அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வர்ற ஈத்தேன்ல ஓடுது, அது ஷேல் காஸோட (பாறைய ஒடைச்சு எடுக்குற காஸ்) கூட வர்ற மலிவு சரக்கு. நாளைக்கு வாஷிங்டன்ல அத நிறுத்துறேன்னு ஒரு லெட்டர் போட்டா அந்த ஆலைக்கு என்ன ஆகும், 2025ல சில வாரம் நிறுத்தியும் பாத்தாங்களே. அப்ப வளம் இல்லாதவன் ஜெயிச்சான்னு எந்த கணக்குல சொல்றீங்க?